மாரிசன்ஸ் ஜிக் மாரிசனுடையதா? ஐரிஷ் ஃபிடில் மெட்டுகளின் மூலம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஐரிஷ் ஃபிடில் இசை பிடிக்கும் என்று சொல்கிற ஒருவரிடம், ஒரு மெட்டைக் காட்டி "இது யார் போட்டது?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "அதெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கெல்ட்டிக் இசை" என்பார்கள். அல்லது "பாரம்பரிய மெட்டு, யார் போட்டார்கள் என்று தெரியாது" என்பார்கள். முதல் பதில் அநேகமாகத் தவறு. இரண்டாவது பாதி சரி. ஆனால் அதைச் சொன்னதும் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது; அதற்குப் பின்னால் தேடிப் பார்க்க நிறைய இருக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை.

உங்கள் அம்மா பாடிய தாலாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதை இயற்றியது யார்? தெரியாது. அம்மாவுக்கு அது எங்கிருந்து வந்தது? அநேகமாகப் பாட்டியிடமிருந்து. அது எப்போதாவது எழுத்தில் ஏறியதா? நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பவர் யாராவது அந்த ஊர்ப்பக்கம் வந்திருந்தால் ஏறியிருக்கும். ஒரே பாட்டைப் பற்றி மூன்று தனித்தனிக் கேள்விகள் இவை. ஒன்றுக்குப் பதில் தெரியாததால் மற்ற இரண்டும் இல்லாமல் போய்விடாது. ஐரிஷ் ஜிக் விஷயத்தில் நடக்கும் குழப்பம் முக்கால்வாசி, இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால் வருவது.

முதலில், ஜிக் என்றால் என்ன?

ஜிக் என்பது நடன மெட்டு. காலுக்காகப் பிறந்தது, காதுக்கு அப்புறம்தான். அதன் அடிப்படை ஓட்டம் ஆறு சிறு துடிப்புகள், மூன்று மூன்றாக: தகிட தகிட, தகிட தகிட. கர்நாடக இசை கொஞ்சம் பழக்கமானவர்களுக்குத் திஸ்ர நடை என்றால் புரிந்துவிடும். இந்த ஆறு துடிப்பு வகைதான் மிகப் பரவலானது. இதை டபுள் ஜிக் என்பார்கள். ஒன்பது துடிப்பாக, தகிட தகிட தகிட என்று ஓடினால் அது ஸ்லிப் ஜிக்.

கட்டமைப்பும் எளிது. டபுள் ஜிக்கில் ஆறு துடிப்பு ஒரு சுற்று. எட்டு சுற்று கொண்ட ஒரு பகுதி, அதை இரண்டு முறை வாசிப்பது. பிறகு எட்டு சுற்று கொண்ட இன்னொரு பகுதி, அதுவும் இரண்டு முறை. மொத்தம் 32 சுற்று. மூன்று, நான்கு பகுதிகள் கொண்ட ஜிக்குகளும் உண்டு, ஆனால் இரண்டு பகுதிதான் சாதாரணம். ஆடுபவர்களின் அடவு எட்டு எட்டாகப் பிரிவதால் மெட்டும் அப்படியே பிரிகிறது.

ஃபிடில் என்பது வயலினேதான். கருவியில் வித்தியாசம் இல்லை, வாசிப்பில்தான். அந்த வயலினே 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் உருவம் பெற்றது. அப்புறம் ஆயிரம் வருட ஃபிடில் இசை எங்கிருந்து வரும்? ஐரிஷ் நடன இசையை வாழ்நாள் முழுக்கத் தொகுத்த பிரெண்டான் பிரானக், இன்று வாசிக்கப்படும் மெட்டுகளில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருவானவை என்று கணித்தார். ஊர் ஊராகப் போய், ஒவ்வோர் இடத்திலும் சில வாரம் தங்கி, பண்ணை வீடுகளில் நடனம் சொல்லிக்கொடுத்த நடன ஆசிரியர்களின் காலம் அது. ஆட்டம் கற்றுக்கொள்ள ஆள் பெருகியபோது மெட்டுக்கும் தேவை பெருகியது. வேறு இரண்டு நடன மெட்டு வகைகளான ரீல் ஸ்காட்லாந்திலிருந்தும், ஹார்ன்பைப் இங்கிலாந்திலிருந்தும் வந்து சேர்ந்தன. இந்த மூன்றில் அயர்லாந்தில் அதிகக் காலமாக இருப்பது ஜிக்தான்.

ஆக, ஜிக் என்பது ஆறு துடிப்பு நடன மெட்டு. சராசரி ஜிக்கின் வயது இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகள். பழமையானதுதான், புராண காலத்தது அல்ல.

மூன்று கேள்விகள்

இனிமேல் வசதிக்காக மூன்று பெயர்கள் வைத்துக்கொள்வோம். மெட்டை முதலில் கட்டியவர் இயற்றியவர். மெட்டு காகிதத்திலோ இசைத்தட்டிலோ முதலில் பிடிபட்ட இடம் முதல் பதிவு. இன்று வாசிப்பவருக்கோ, தொகுத்தவருக்கோ மெட்டைக் கையில் கொடுத்த கலைஞர் கொடுத்தவர்.

ஐரிஷ் இசைக்காரர்கள் மூலம் என்று பேசும்போது பெரும்பாலும் மூன்றாமவரைத்தான் சொல்கிறார்கள். செஷன் எனப்படும், மதுக்கடை மூலையில் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் கூட்டத்தில் "இது யாருடையது?" என்று கேட்டால், "இன்னாரிடமிருந்து எனக்குக் கிடைத்தது" என்று பதில் வரும். வெளியாள் அதை "இன்னார் இயற்றியது" என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். தவறான தகவல் பாதி இப்படித்தான் பிறக்கிறது.

ஒரு ஜிக்கை எடுத்துப் பார்ப்போம்

ஃபிடில் கற்கத் தொடங்கும் எவரும் முதல் சில மாதங்களுக்குள் சந்திக்கும் ஜிக் "மாரிசன்ஸ் ஜிக்". பெயரைப் பார்த்தால் மாரிசன் என்பவர் போட்டது போலிருக்கிறது. ஜேம்ஸ் மாரிசன் உண்மையான ஆள்தான். 1893-இல் அயர்லாந்தின் ஸ்லைகோ கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) ரிவர்ஸ்டவுன் அருகே பிறந்தவர், 1915-இல் அமெரிக்கா போய் நியூயார்க்கில் குடியேறினார். 1920களிலும் 30களிலும் அங்கே இசைத்தட்டுகள் வெளியிட்டார், நிறையப் பேருக்கு இசை சொல்லிக்கொடுத்தார். "புரொஃபசர்" என்பது அவருக்கு வழங்கிய பட்டப்பெயர்.

அவர் குழுவில் டாம் கார்மோடி என்று ஓர் அக்கார்டியன் கலைஞர் இருந்தார். ஸ்லைகோக்காரர் அல்ல, தெற்கே கெரி கவுண்டிக்காரர். 1936-இல் ஒரு பதிவுக்கு முந்தைய இரவு, கார்மோடியிடமிருந்து இந்த மெட்டை மாரிசன் கற்றுக்கொண்டு, மறுநாள் தட்டில் பதிந்தார் என்பது கார்மோடி பிற்காலத்தில் சொன்ன கதை. கார்மோடிக்கு அது அவர் அப்பா மோரிஸிடமிருந்து வந்தது. வீட்டில் அதற்கு "த ஸ்டிக் அக்ராஸ் த ஹாப்" என்று பெயர். கணப்படுப்பின் ஓரத் திட்டில் குறுக்கே கிடக்கும் கோல். மாரிசன் தட்டின் மேல் போட்ட பெயர் வேறு: "மோரிஸ் கார்மோடிஸ் ஃபேவரிட்". கொடுத்தவர் குடும்பத்துக்குச் செய்த மரியாதை அது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தட்டைக் கேட்டுக் கற்றுக்கொண்டவர்கள், "அதுதான், மாரிசன் வாசித்த அந்த ஜிக்" என்று சொல்லிச் சொல்லி, அது "மாரிசன்ஸ் ஜிக்" ஆகிவிட்டது. மரியாதைக்காக வைத்த பெயர் காணாமல் போனது. மாரிசன் ஸ்லைகோக்காரர் என்பதால் மெட்டையும் ஸ்லைகோ மெட்டு என்று சொல்பவர்களும் உண்டு.

இப்போது நம் மூன்று கேள்விகளையும் இதன்மேல் வைத்துப் பாருங்கள். இயற்றியவர்: தெரியாது. உலகம் கேட்கும்படி வெளியே வந்த பதிவு: 1936, நியூயார்க். கொடுத்தவர்: மாரிசனுக்கு டாம் கார்மோடி, டாமுக்கு மோரிஸ் கார்மோடி, கெரி. "யார் என்று தெரியாத பாரம்பரிய மெட்டு" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் ஒரு அப்பாவும் மகனும் ஒரு கவுண்டியும் நமக்குத் தெரியாமலே போயிருப்பார்கள்.

காதால் கற்கும்போது எது நிற்கிறது, எது மாறுகிறது?

ஒரு மெட்டு கை மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இயற்றியவர் ஏன் இத்தனை எளிதாகத் தொலைந்துபோகிறார் என்பது விளங்கும். மாரிசன்ஸ் ஜிக்கின் ஆரம்பத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் ஆதார சுருதியை ஸ என்று வைத்தால் முதல் நான்கு சுற்று இப்படிப் போகும்:

ஸ – – ப – – | ஸ ப ஸ ம ரி நி | ஸ நி ஸ ப – – | நி த ப ம ரி நி

இரண்டாம் சுற்றின் கடைசி நி, மூன்றாம் சுற்றின் நி, நான்காம் சுற்றின் கடைசி நி மூன்றும் கீழ்ஸ்தாயி. ஸ்வர இடங்கள் கரகரப்பிரியாவுக்கு உரியவைதான். ஆனால் கமகமோ ராக நடையோ கிடையாது, ஆகவே ராகம் என்று சொல்லிவிடாதீர்கள். ஃபிடிலில் அந்த முதல் ஸவும் பவும் ஆள்காட்டி விரலாலேயே வரும், பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளில். விரலை இரண்டு கம்பிக்கும் சேர்த்து வைத்துவிட்டு வில்லை மட்டும் இங்கேயும் அங்கேயும் சாய்த்தால் போதும். புதிதாகக் கற்பவர்களுக்கு இது பிடித்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதில் ஒவ்வொரு தகிடவின் முதல் ஸ்வரத்தை மட்டும் பொறுக்கி எடுங்கள்: ஸ ப, ஸ ம, ஸ ப, நி ம. கால் விழும் இடங்கள் இவை. இதை மெட்டின் எலும்பு என்று வைத்துக்கொள்ளலாம். எலும்புக்கு இடையில் இருப்பது நிரப்பு. முதல் "ஸ – –" என்ற இடத்தில் ஒருவர் ஸவை நீட்டி வாசிப்பார். இன்னொருவர் ஸ நி ஸ என்பார். மற்றொருவர் ஸ ப ஸ என்பார். இன்னும் ஒருவர் அங்கே ரோல் போடுவார். அதாவது ஒரே ஸ்வரத்தை, மேல் ஸ்வரத்தால் ஒரு கொத்து, கீழ் ஸ்வரத்தால் ஒரு தட்டு என்று மூன்றாக உடைப்பார். வில்லை மூன்று குட்டி வெட்டுகளாக அசைக்கும் ட்ரெபிள் போடுபவரும் உண்டு. நான்கு பேரும் வாசிப்பது மாரிசன்ஸ் ஜிக்தான். சேர்ந்து வாசித்தாலும் மோதாது.

காதால் கற்பவர் எலும்பைப் பிடித்துக்கொள்கிறார், நிரப்பைத் தன் கைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்கிறார். அடுத்த தலைமுறை அந்த நிரப்போடு சேர்த்துக் கற்றுக்கொண்டு மீண்டும் மாற்றுகிறது. சில சமயம் எலும்பே ஓரிடத்தில் நகரும். இரண்டாம் பகுதியை மறந்துபோனவர் வேறு ஜிக்கின் இரண்டாம் பகுதியைக் கொண்டுவந்து ஒட்டிவிடுவதும் நடக்கும். நூறு வருடம் இப்படிப் போனால், முதலில் கட்டியவரே உயிரோடு வந்து கேட்டாலும் அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் ஆகும்.

அதனால்தான் பிரானக் மெட்டுகளுக்கு அட்டவணை தயாரித்தபோது பெயரை நம்பவில்லை. அழுத்தம் விழும் ஸ்வரங்களை எண்களாக மாற்றி, அந்த எண்களின்படி அட்டைகளை அடுக்கினார். ஒரே மெட்டுக்கு ஐந்து பெயர் இருந்தாலும் எண் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். ஒரே பெயரில் இரண்டு மெட்டு இருந்தால் எண் பிரித்துக் காட்டிவிடும்.

காதால் கற்பது என்றதும் காகிதமே கிடையாது என்று நினைக்க வேண்டாம். கார்க், கெரி எல்லையில் உள்ள ஸ்லீவ் லூக்ரா பகுதியில் பாட்ரெய்க் ஓ கீஃப் என்ற ஃபிடில் ஆசிரியர் இருந்தார் (1887–1963). பள்ளிக்கூட வேலைக்குப் பிறகு, மலைப்பாதையில் வீடு வீடாக நடந்து சொல்லிக்கொடுத்தார். மேற்கத்திய இசைக்குறிப்பின் ஐந்து கோட்டுக்கு இடையில் உள்ள நான்கு இடைவெளிகளை ஃபிடிலின் நான்கு கம்பிகளாக வைத்துக்கொண்டு, எந்த விரல் என்பதை எண்ணாக எழுதிக் கொடுப்பார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத விவசாயி வீட்டுப் பிள்ளைகூட அதைப் பார்த்து வாசித்துவிடலாம். அவரிடம் கற்ற டெனிஸ் மர்ஃபியும் அவர் தங்கை ஜூலியா கிளிஃபர்டும் பிறகு தாங்களே அந்தப் பகுதி மெட்டுகளைக் கொடுத்தவர்கள் ஆனார்கள்.

சுருக்கமாக: எலும்பு மெதுவாகவும் நிரப்பு வேகமாகவும் மாறும். மெட்டை அடையாளம் காண எலும்பைப் பாருங்கள், பெயரை அல்ல.

புத்தகத்தில் இருந்தால் அதுதான் மூலமா?

இங்கேதான் படித்தவர்களே சறுக்குகிறார்கள். ஒரு ஜிக் எந்தப் பழைய புத்தகத்தில் இருக்கிறது என்று தேடி, கிடைத்த பழைய ஆண்டை அதன் பிறந்த ஆண்டாக எழுதிவிடுகிறார்கள். அந்த ஆண்டு சொல்வது ஒன்றே ஒன்று: அதற்குள் மெட்டு இருந்தது. எவ்வளவு காலமாக இருந்தது என்பதைச் சொல்லாது.

ஐரிஷ் இசைக்காரர்கள் "அந்தப் புத்தகம்" என்று சொன்னால் ஃபிரான்சிஸ் ஓ'நீலின் தொகுப்பைத்தான் சொல்கிறார்கள். கார்க் கவுண்டியில் பாண்ட்ரி அருகே 1848-இல் பிறந்த ஓ'நீல், சின்ன வயதிலேயே கப்பலேறி, கடைசியில் சிகாகோவில் போலீஸ்காரராகி, 1901 முதல் 1905 வரை அந்த நகரத்தின் போலீஸ் தலைவராக இருந்தார். அவர் காலத்துச் சிகாகோ போலீஸில் ஐரிஷ்காரர்கள் ஏராளம், அவர்களில் வாசிக்கத் தெரிந்தவர்களும் ஏராளம். ஓ'நீலுக்கு இசைக்குறிப்பு எழுத வராது. அவர் வாசித்தோ முணுமுணுத்தோ காட்ட, ஜேம்ஸ் ஓ'நீல் என்ற இன்னொரு போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். 1903-இல் வந்த தொகுப்பில் 1,850 மெட்டுகள். 1907-இல் நடன மெட்டுகளுக்கு மட்டும் ஒரு தொகுப்பு, அதில் 1,001.

ஆக, ஐரிஷ் இசையின் மிகப் பிரபலமான புத்தகம் உருவானது சிகாகோவில். ஒரு ஜிக் அதில் இருந்தால், 1903 வாக்கில் சிகாகோ ஐரிஷ்காரர்களின் புழக்கத்தில் அல்லது அவர்கள் பார்த்த பழைய ஏடுகளில் அது இருந்தது என்று அர்த்தம். அந்தப் புத்தகம் அயர்லாந்துக்குத் திரும்பிப் போனது. கிராமத்தில் ஒருவர் அதைப் பார்த்துக் கற்றார். அவரைக் கேட்டு எழுதப் படிக்கத் தெரியாத இன்னொருவர் கற்றார். பிறகு ஒரு தொகுப்பாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்த இரண்டாமவரிடம் போய், "வாய்வழி மரபு" என்று குறித்துக்கொண்டு வந்தார். வாய்க்கும் காகிதத்துக்கும் நடுவே ஒருவழிப் பாதை இல்லை, போக்குவரத்து இரண்டு பக்கமும் உண்டு.

"ஹேஸ்ட் டு த வெட்டிங்" என்ற ஜிக் இதற்கு நல்ல உதாரணம். அயர்லாந்து முழுக்க வாசிக்கிறார்கள், அதே பெயரில் நடனமும் உண்டு. 1767-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நடந்த "தி எலோப்மென்ட்" என்ற நாடகத்தில் அது பாட்டாக வந்தது. அப்படியானால் ஆங்கிலேய மெட்டா? காகிதத்தைக் கேட்டால் லண்டனைக் காட்டும். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அதைத் தேய்த்து மெருகேற்றிய கைகளைக் கேட்டால் வேறு பதில். என்னைக் கேட்டால், "லண்டன் மேடையில் 1767-இல் தென்பட்டது, அயர்லாந்தில் பாரம்பரியமாக வாசிக்கப்படுவது" என்று இரண்டையும் சொல்லிவிடுவதே நேர்மை. பாஸ்போர்ட் வழங்கும் வேலை நமக்கெதற்கு?

மெட்டுகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. முத்துஸ்வாமி தீக்ஷிதர், சென்னைக் கோட்டையில் கம்பெனி பேண்டு வாசித்த மேற்கத்திய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத வரிகள் எழுதினார்; அவற்றை நோட்டுஸ்வர சாகித்யம் என்கிறோம். அவற்றில் "வந்தே மீனாக்ஷி" அமைந்திருப்பது லிமரிக் என்ற ஐரிஷ் மெட்டில். இன்று நோட்டுஸ்வரம் பாடும் குழந்தைக்கு மெட்டைக் கொடுத்தவர் பாட்டு டீச்சர். அவருக்குக் கொடுத்தவர் அவருடைய குரு. சங்கிலி மயிலாப்பூரில் தொடங்குவதாகத் தோன்றினாலும் அடிமுனை வேறெங்கோ இருக்கிறது.

இயற்றியவர் தெரிந்த ஜிக்குகளும் உண்டு

எல்லாப் பாரம்பரிய மெட்டும் அநாமதேயம் என்பது இன்னொரு தவறான எண்ணம். 18ஆம் நூற்றாண்டில் லிமரிக் கவுண்டியில் வாக்கர் ஜாக்சன் என்ற வசதியான பைப் (காற்றுப்பை வைத்த குழல்) கலைஞர் இருந்தார். "ஜாக்சன்ஸ் மார்னிங் பிரஷ்" போல ஜாக்சன் பெயரில் தொடங்கும் ஜிக்குகள் ஏராளம். ஒரு எச்சரிக்கை: அவர் புகழ் பெரிதாக இருந்ததால், அவர் போடாத மெட்டுகளின் தலையிலும் அவர் பெயர் ஏறியிருக்க இடமுண்டு. நம் ஊரில் தனிப்பாடல்கள் பல ஔவையார் கணக்கில் சேர்ந்த மாதிரி.

20ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் விஷயம் இன்னும் தெளிவு. கிளேர் கவுண்டியின் ஜூனியர் க்ரீஹன் (1908–1998) போட்ட ஜிக் "த மிஸ்ட் கவர்டு மவுண்டன்". செஷனில் அதை வாசிப்பவர்கள் பலர் அது எந்தக் காலத்ததோ என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். போதாக்குறைக்கு ஏறக்குறைய இதே பெயரில் ஸ்காட்லாந்துப் பாட்டு ஒன்றும் உண்டு. அதையும் ஜிக்காக வாசிப்பார்கள். மெட்டு வேறு, ஆள் வேறு, ஊர் வேறு.

கிழக்கு கால்வேயின் பேடி ஃபேஹி (1916–2019) இன்னொரு வகை. நிறைய மெட்டுகள் போட்டார், எதற்கும் பெயர் வைக்கவில்லை. அதனால் எல்லாமே "பேடி ஃபேஹிஸ் ஜிக்" அல்லது "பேடி ஃபேஹிஸ் ரீல்". கற்றுக்கொள்பவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக்கொள்கிறார்கள், ஒருவர் எண்ணும் இன்னொருவர் எண்ணும் ஒத்துப்போவதில்லை. இவர் விஷயத்தில் பெயரில் இருக்கும் ஆள் இயற்றியவர். மாரிசன் விஷயத்தில் பெயரில் இருக்கும் ஆள் பதிந்தவர். ஒரே மாதிரிப் பெயர், உள்ளடக்கம் முற்றிலும் வேறு.

ஆல்பம் உறையில் "ட்ராட்" என்று போடுவது

இசைத்தட்டு உறைகளில் மெட்டுக்குப் பக்கத்தில் "ட்ராட்" என்று சின்னதாக எழுதியிருக்கும். பாரம்பரிய மெட்டு, இயற்றியவருக்கு உரிமைத்தொகை கிடையாது என்பது அதன் நடைமுறை அர்த்தம். "ட்ராட். அர்." என்று இருந்தால், மெட்டு பொதுச்சொத்து, அதை அமைத்த விதம் மட்டும் இந்தக் குழுவுடையது என்று பொருள். மெட்டின் வயது பற்றி அது எதுவும் சொல்லவில்லை. யார் போட்டது என்று தேடிப் பார்க்காமல் "ட்ராட்" போட்டுவிடும் பழக்கமும் இருக்கிறது. அப்போது நஷ்டம் உயிரோடு இருக்கும் இசைக்காரருக்கோ அவர் குடும்பத்துக்கோ. அயர்லாந்தில் பதிப்புரிமை, இயற்றியவர் இறந்து 70 ஆண்டு வரை. க்ரீஹனின் ஜிக் 2068 முடியும்வரை பொதுச்சொத்து ஆகாது.

சட்டம் கேட்பது இயற்றியவர் யார் என்ற கேள்வியை மட்டும்தான். கார்மோடி போலக் கொடுத்தவர்களுக்கு அதில் இடமில்லை. அவர்கள் பெயர் நிற்கும் ஒரே இடம் உறையின் உள்பக்கக் குறிப்பு. நல்ல கலைஞர்கள் அங்கே "இன்ன ஊர் இன்னாரிடமிருந்து" என்று மெட்டுக்கு மெட்டு எழுதுவார்கள். நீங்கள் ஃபிடில் கற்றுக்கொண்டிருந்தால் உங்கள் நோட்டிலும் ஜிக்கின் பெயருக்குக் கீழே, யாரிடம் அல்லது எந்தப் பதிவில் கேட்டுக் கற்றீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். யூடியூபில் கேட்டது என்றால் வாசித்தவர் பெயரை எழுதுங்கள்.